பூங்காவும் கூரையும்

நகரம் வளரும்போது முதலில் மறைபவை அதன் எல்லையோரத் தோட்டங்களே. கோலாலம்பூரைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று சாலைப் பெயர்களாகவும் குடியிருப்புப் பெயர்களாகவும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. பால்மரம் நின்ற இடத்தில் மாளிகைகள் எழுந்தன. ஆனால், அம்மரங்களைச் சீவிய கைகள் எங்குப் போயின என்று கேட்டோர் சிலரே. அக்கேள்விக்கு விடை காண விழைவோர் புக்கிட் கியாராவின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். அந்நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபின், அங்கு உழைத்த குடும்பங்கள் 1982ஆம் ஆண்டில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டிய நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். இது தற்காலிக ஏற்பாடுதான், நிரந்தர வீடு பின்னர் வரும் என்பதே அவர்களுக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி. தற்காலிகம் என்ற சொல்லுக்கு நாற்பதாண்டு ஆயுள் இருக்கும் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். அக்கூரையின்கீழ்க் குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, தாமும் பெற்றோராயினர். உறுதிமொழி மட்டும் வளராமல் அப்படியே கிடந்தது.

அந்நீண்ட வீடுகளுக்கு அருகில் இருப்பது தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா. ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பும் மரநிழலும் உடையது. கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் அதனைப் பொதுமக்களுக்குரிய திறந்தவெளியாகவே குறித்திருந்தது. நெருக்கடி மிகுந்த நகரத்தில் காலையில் முதியோர் நடக்கவும் மாலையில் பிள்ளைகள் ஓடியாடவும் ஓரிடம் இருப்பது சிறு பேறன்று.

இந்நிலையில்தான் ஒரு வளர்ச்சித் திட்டம் முன்வைக்கப்பட்டது. பூங்காவின் 12 ஏக்கர் நிலத்தில், 42 முதல் 54 மாடிகள் வரை உயரும் எட்டுக் கோபுரங்களில் உயர்விலைச் சேவைக் குடியிருப்புகள் அமையும். அவற்றோடு 29 மாடிக் கட்டடம் ஒன்றில் 350 எளிய விலை வீடுகளும் எழும். நீண்ட வீட்டு மக்களுக்கு அங்கே இடம் கிடைக்கும். ஏழைகளுக்கு ஒரு கட்டடம், அதற்கு ஈடாகச் சந்தைக்கு எட்டுக் கட்டடங்கள்! இதுவே திட்டத்தின் கணக்கு. 2017 ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் தலைவராகிய டத்தோ பண்டார் அதற்கு அனுமதி ஆணை வழங்கினார்.

குடியிருப்பாளர் கொதித்தெழுந்தனர். பூங்கா பறிபோகும், நெரிசல் மிகுந்த சாலைகள் மேலும் திணறும், மக்களுக்கெனத் திட்டத்தில் குறித்த நிலத்தை வேறொன்றாக மாற்ற யாருக்கு உரிமை என்று கேட்டனர். நீண்ட வீட்டு மக்களின் குரலோ வேறாக இருந்தது. முப்பத்தைந்தாண்டு காத்திருந்த பின் கண்ணெதிரே தெரிந்த வீடு, வசதி படைத்தோரின் வழக்கினால் கைநழுவிப் போகுமோ என அவர்கள் அஞ்சினர். வழக்கு நீதிமன்றத்திற்குச் சென்றபோது, அவர்களுடைய சங்கமும் அனுமதியைக் காக்கும் தரப்பில் நின்றது.

இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நிழல் கேட்டவரும் கூரை கேட்டவரும் இயல்பாகப் பகைவர் அல்லர். நீண்ட வீடுகள் நின்ற நிலத்திலேயே அம்மக்களுக்கு வீடு கட்டலாம், பூங்காவைத் தொட வேண்டியதில்லை என்னும் மாற்று வழியும் பேசப்பட்டது. ஆயினும், இருவரையும் ஒரே மேசையில் அமர்த்திக் கேட்க வேண்டிய கடமை நிறைவேறவில்லை. பட்ட கடனைப் பொதுமக்களின் பூங்காவைக் கொண்டு அடைக்க முற்பட்டபோதே, கடன்பட்டோர் ஒதுங்கிக்கொள்ள, கடன் கேட்டோரும் பூங்காவைக் காத்தோரும் எதிரெதிரே நின்றனர். பகை அங்கே பிறந்தது.

வழக்கு ஆறாண்டுகள் நடந்தது. 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் குடியிருப்பாளரின் மனுவைத் தள்ளியது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி ஆணையை நீக்கியது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். சட்டப்படி வகுத்த அமைப்புத் திட்டம் வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது ஒதுக்கும் வெறும் வழிகாட்டி அன்று. அதிலிருந்து விலக நேர்ந்தால் காரணம் கூறுதல் வேண்டும். அனுமதி வழங்குபவரே அத்திட்டத்தில் பங்குகொண்ட அமைப்பின் அறங்காவலராகவும் இருத்தல் ஆகாது. இவையே அத்தீர்ப்பு வலியுறுத்திய நெறிகள்.

ஊராட்சி ஆள்வோரிடம் காரணம் கேட்க மக்கள் நீதிமன்றம் வரை செல்ல வேண்டி வந்தது ஏன்? கோலாலம்பூர் மக்கள் 1952இல் தம் நகராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள். அவ்வுரிமை அறுபதுகளின் தொடக்கத்திலேயே தலைநகரில் நீங்கியது. நாட்டின் பிற நகரங்களில் 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் முற்றாக முடிவுற்றது. இடையில் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் நிறைவுற்ற அவ்வாணையத்தின் அறிக்கை, மன்றங்களில் குறைகள் உண்டெனினும் மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

தேர்தல் வந்தால் இனப்பூசல் வளரும் என அஞ்சுவோர் உளர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாவரும் தூயவராவர் என்பதும் இல்லை. எனினும், முடிவு எடுக்குமுன் கேட்பதும், எடுத்தபின் காரணம் சொல்வதும் எம்முறை ஆட்சிக்கும் இன்றியமையாதவை. புக்கிட் கியாராவில் இவ்விரண்டும் நிகழ்ந்திருப்பின் ஆறாண்டு வழக்கு நேர்ந்திராது.

தீர்ப்பு பூங்காவைக் காத்தது. ஆனால், எந்தத் தீர்ப்பும் ஒரு வீட்டைக் கட்டித் தருவதில்லை. வழக்கு முடிந்த அன்றும் நீண்ட வீடுகள் நீண்ட வீடுகளாகவே நின்றன. வென்றவர் மகிழ்ந்த பொழுதில் தோட்டப் பாட்டாளியின் மக்கள் மீண்டும் காத்திருக்கத் தொடங்கினர். ஆதலால் அத்தீர்ப்பைப் பாதி நீதி என்றே கொள்ள வேண்டும். மறுபாதி ஆட்சியினர் கையில் இருந்தது.

இளைய தலைமுறை இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. தம் ஊரின் வரைபடத்தில் எது பூங்கா, எது பள்ளி நிலம், எது பாட்டாளிக்கு உறுதியளித்த மனை என்பதை அறிந்திருத்தல் தமிழ் மாணவரின் கல்வியிலும் ஒரு பகுதியே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பாட்டனார் கைந்நாட்டு இட்டுவிட்டு அகன்றனர். பேரப்பிள்ளைகளுக்கு எழுத்து உண்டு. எதிர்ப்பு மனுவை எழுதவும் உறுதிமொழியை எழுத்தில் கேட்டுப் பெறவும் அவர்களால் இயலும். அண்டை வீட்டாரின் நிழலைப் பறிக்காமல் தம் கூரையைக் கேட்கும் நெறியும் அக்கல்வியோடு சேர்ந்து வளரட்டும்.