அத்தையின் டிரங்குப் பெட்டியும் பதினோரு அரைகுறைகளும்

ஒட்டுப்போர்வை தைக்கிறவங்க உலகத்துல யுஎஃப்ஓன்னு ஒரு சொல் உண்டு. பறக்கும் தட்டு இல்லீங்க. ஆரம்பிச்சு, பாதியில மூட்டை கட்டி, பரண்ல போட்டதுக்கு அமெரிக்க அம்மணிகள் வச்ச பேரு: 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்'. அதையே பி.எச்டினும் சொல்லுவாங்க, 'ப்ராஜெக்ட்ஸ் ஹாஃப் டன்'. நாங்க பொட்டி தட்டுற இடத்துல 'பேக்லாக்'னு கௌரவமா சொல்லிக்கிறோமே, அதேதான்.

எங்க வீட்டுல போன வருஷ எண்ணிக்கை பதினொண்ணு. நாலு என்னுது, 2020 லாக்டவுன்ல ஊரே ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தப்ப நான் வெட்டிக் குவிச்சது. மீதி ஏழு அத்தையோடது.

அத்தைன்னா அப்பாவோட அக்கா. மதுரையில 1983-லேர்ந்து வீட்டுலயே மெஷின் போட்டு ரவிக்கை, பாவாடை, ஸ்கூல் யூனிஃபார்ம்னு தைச்சுக் குடுத்தவங்க. மாமா போய்ச் சேர்ந்த பிறகு தனியாத்தான் இருந்தாங்க. கண்ல அழுத்த நோய். இந்த நோய் வலிக்காது, சிவக்காது. பக்கவாட்டுப் பார்வையை ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே உள்ள வரும். போனது போனதுதான், திரும்பாது. சொட்டு மருந்து விடுறது மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான். 2024 ஜூன்ல வாசப்படி தெரியாம விழுந்தாங்க. அதோட நானும் ரங்கமணியும் போய் கையோட சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கால்மெஷின், மூணு பிஸ்கட் டப்பா. "துணிமணி கூட அப்புறம் எடுத்துக்கலாம், மெஷினை மொதல்ல ஏத்து"ன்னு வண்டிக்காரர்கிட்ட சொன்னாங்க.

எங்க ரெண்டாவது ரூம் பத்துக்குப் பதினொண்ணு. அதுவரைக்கும் அது என் தையல் ரூம், அதாவது தரை தெரியாத ரூம். இப்ப அத்தை ரூமும் அதுதான். தையல் ரூமை அழகா அடுக்கறதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. எல்லாத்துலயும் கலர் கலரா துணியை வானவில் மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்க. கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனா அந்த ரூம்ல இருக்கப்போறவங்களுக்குக் கலர் பாதிதான் தெரியும்னா?

அதனால விதியே மாறிப்போச்சு. எந்தப் பொருளும் எடுத்த இடத்துலதான் திரும்ப வைக்கணும், ஒரு சாண் கூட நகரக்கூடாது. தரையில ஒண்ணும் இருக்கக்கூடாது. வெட்டுற மேஜை நடுரூம்ல நின்னா அத்தை முட்டிக்குவாங்க. ஆசாரியைக் கூப்பிட்டு சுவத்துல கீல் போட்டு ஒரு ப்ளைவுட் பலகை மாட்டினோம். உயரம் 36 இஞ்ச். சாப்பாட்டு மேஜை 30 இஞ்ச்தான் இருக்கும், அதுல குனிஞ்சு வெட்டினா மறுநாள் இடுப்பு பேசும். இது வேலை முடிஞ்சா மடங்கிச் சுவத்தோட ஒட்டிக்கும். மெஷின் ஜன்னலோரம், வெளிச்சம் இடது கைப்பக்கம் விழுற மாதிரி. கத்தரிக்கோலுக்குச் சுவத்துல ஒரு ஆணி, இஞ்ச் டேப்புக்கு ஒண்ணு, நூல் பிரிக்கிற கொக்கிக்கு ஒண்ணு. (ஆபீஸ்ல புடுங்கற ஆணிக்குப் பதிலா வீட்டுல நாலு ஆணி அடிச்சது மனசுக்கு நிறைவா இருந்துச்சு.)

நூல்கண்டுக்கு நான் லேபிள் ஒட்டப் போனேன். அத்தை சிரிச்சாங்க. அவங்க மதுரையிலயே ஒரு முறை வச்சிருந்திருக்காங்க. வெள்ளைக் கண்டு வெறுமனே இருக்கும். கறுப்புல ஒரு ரப்பர் பேண்ட். சிவப்புல ரெண்டு. மத்ததெல்லாம் ஒரே டப்பா, அதுக்கு ஆள் கேட்டுக்கணும். பாபினுக்கும் அதே கணக்கு, ரப்பர் பேண்டுக்குப் பதில் நூல் முனையில முடிச்சு. அதிகமா எடுக்கறது எதுவோ அதுக்கு வேலை கம்மி. இதை எங்களுக்கு நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜ்ல ஹஃப்மன் கோடிங்னு பாடமா நடத்தினாங்க, நானும் பாஸ் பண்ணினேன். அத்தைக்கு யாரும் நடத்தலை.

ரூம் அடங்கினப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வசம்பு வாசனை. ஏழு மூட்டை, ஒவ்வொண்ணும் பழைய வேட்டித் துண்டுல கட்டினது. அத்தைக்குப் பிள்ளைங்க இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைங்க கல்யாணம்னா ஆளுக்கு ஒரு ஒட்டுப்போர்வை அவங்க சீர். உள்ள பஞ்சு கிடையாது. மேல ஒட்டு, நடுவுல பழைய சேலை, அடியில பழைய சேலை, மூணும் சேத்து கையால நூலோட்டம். என் அண்ணங்களுக்கெல்லாம் வந்துச்சு. எனக்கு 2022-ல கல்யாணம் ஆச்சு, வரலை. ஏன்னு நான் கேட்டதும் இல்லை, கேக்கற விஷயமும் இல்லை.

நாலாவது மூட்டையைப் பிரிச்சா, நடுவுல அப்பத்தாவோட அரக்குச் சுங்குடி. கையால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தின பழைய சுங்குடி அது, புள்ளி ஒண்ணுக்கொண்ணு ஒரே அளவுல இருக்காது. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சாலும், இப்ப கடையில தொங்குறதுல பாதிக்கு மேல அச்சுதான், புள்ளி ராணுவ அணிவகுப்பு மாதிரி நிக்கும். அத்தை தடவிப் பாத்துட்டு, "இது ஒன்னோடதுத்தா"ன்னாங்க. அவ்வளவுதான். நானும் ஒண்ணும் சொல்லலை, கண்ணாடியைத் தொடைக்கப் போயிட்டேன்.

இப்ப கணக்கு. நாலரை இஞ்ச் சதுரம், தைச்சா நாலு. அகலத்துக்கு 15, நீளத்துக்கு 22 வரிசை. மொத்தம் 330 சதுரம், 60-க்கு 88 இஞ்ச். தையல் விளிம்பு ரெண்டு நூல். எட்டு நூல் ஒரு இஞ்ச், அதனால கால் இஞ்ச். பதினாலு வரிசை முடிஞ்சிருந்துச்சு. முதல் பதினொண்ணு அளவுகோல் வச்சுக் கிழிச்ச மாதிரி. சதுர மூலைகள் நாலும் ஒரு புள்ளியில வந்து முட்டுது. பன்னெண்டாவது வரிசையிலேர்ந்து தையல் உள்ள இறங்க ஆரம்பிக்குது. அரை நூல்தான். ஆனா அரை நூல் உள்ள போனா ரெண்டு துணியிலயும் சேத்து ஒரு நூல் போச்சு. வரிசைக்கு 14 தையல், 14 நூல், ஒண்ணே முக்கால் இஞ்ச் காலி! பதினாலாவது வரிசை மேல இருக்கறதோட சேரவே இல்லை, இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்கு. அதுக்கப்புறம் தையல் இல்லை.

ஊசி நேரா கண்ணு முன்னாடி இருக்கு, அது தெரிஞ்சிருக்கும். பக்கத்துல துணியோட ஓரம் தெரிஞ்சிருக்காது. டாக்டர் சீட்டுல இருக்கற நோயோட வரலாறு பாதி, இந்த மூணு வரிசையில பாதி.

நான் அதை அப்படியே விடணும்னு நினைச்சேன். மேல பதினாலு வரிசை அத்தை, கீழ எட்டு வரிசை நான், கோணல் கோணலாவே இருக்கட்டும். ரங்கமணியும் "அதாம்மா அழகு"ன்னு சொல்லிட்டு கிரிக்கெட் பாக்கப் போயிட்டார். அத்தைகிட்ட விஷயத்தைச் சொன்னேன். போர்வையை மடியில இழுத்து, கட்டை விரலால பன்னெண்டாவது வரிசையைத் தடவினாங்க. அப்புறம் பதிமூணு, பதினாலு.

"பிரிச்சிரு."

"அத்த, இது நீங்க தைச்சது. இருக்கட்டுமே."

"நாந்தேன் தச்சேன். அதுனாலதேன் சொல்லுறேன். நாப்பது வருசத்துல கோணத்தையல் ஒண்ணு என் வாசல் தாண்டுனது இல்ல. ஒனக்கு மட்டும் கோணலாக் குடுப்பேனாக்கும்?"

"யாரு பாக்கப் போறா?"

"நீ பாப்பல்ல. பாத்துப் பாத்து அழுவ. அதுக்காத்தா போர்வ?"

இதுக்கு மேல என்ன பேசுறது. ஆபீஸ்ல பழைய ஆளு எழுதின கோடை மாத்தணும்னா எழுதினவர் மனசு நோகுமேன்னு ஒரு தயக்கம் இருக்கும். இங்க எழுதினவங்களே மாத்துங்கறாங்க. யோசிச்சுப் பாத்தா, அந்தக் கோணலை வச்சுக்க ஆசைப்பட்டது என் பாசம், பிரிக்கச் சொன்னது அவங்க தொழில். அத்தையை அவங்க நோயை வச்சு ஞாபகம் வச்சுக்கறதை விட, அவங்க தொழிலை வச்சு வச்சுக்கறதுதான் அவங்களுக்கு மரியாதைன்னு எனக்குப் பட்டுச்சு. அப்பவும் கொஞ்சம் வலிச்சது, அது வேற கணக்கு.

பிரிக்கிறது நான் இல்லை, அவங்கதான். 42 சின்னத் தையல், மூணு நீளத் தையல். கொக்கியை ஆணியிலேர்ந்து எடுத்து, நாலு தையலுக்கு ஒண்ணு அறுப்பாங்க, அந்தப் பக்கம் நூலை ஒரு இழு. துணியில ஒரு ஓட்டை விழலை. நான் பிரிச்சா ரெண்டு சதுரத்துக்கு ஒண்ணு கிழியும். சாயங்காலம் சீரியல் ஓடும், அத்தை கை ஓடும், மூணு நாள்ல முடிஞ்சுது. பிரிச்சதை நான் லேசாத் தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டு, திரும்ப ரெண்டு நூல்ல அடிச்சேன். மெஷின் தட்டுல ஊசிக்கு ரெண்டு நூல் தள்ளி நாலு மடிப்பு டேப்பை ஒட்டி ஒரு கரை கட்டிக்கிட்டேன், துணி அதுல முட்டிக்கிட்டே நேராப் போகும். அத்தை அதை விரலால தொட்டுப் பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இது தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு வருசம் ஓட்டியிருப்பேன்"ன்னாங்க.

கடைசி எட்டு வரிசைக்கு 120 சதுரம் வேணும். மூட்டையில 97-தான் இருந்துச்சு. ரங்கமணியோட பழைய நீலச் சட்டையைக் கொண்டு போய்க் காட்டினேன், லேபிள்ல சுத்தக் காட்டன்னு போட்டிருந்தது. அத்தை ரெண்டு விரலுக்கு நடுவுல கசக்கிட்டு, "டெரிகாட்டன். வேணாம்"ன்னாங்க. நம்பாம ஒரு நூலை உருவித் தீக்குச்சியில காட்டினேன். பருத்தின்னா சாம்பலாகி உதிரணும். இது நுனியில கறுப்பா மணி மாதிரி உருகி நின்னுச்சு. லேபிள் பொய், விரல் நிஜம். மீதி 23-ஐ என்னோட லாக்டவுன் அரைகுறை ஒண்ணைப் பலி குடுத்து வெட்டினேன். என் கணக்குல ஒரு யுஎஃப்ஓ அப்படிக் கழிஞ்சுது.

வெட்டும்போது அத்தைக்கு ஜீஸ் பெண்ட் கதையைச் சொன்னேன். அமெரிக்காவுல அலபாமா ஆத்து வளைவுல ஒரு கறுப்பினக் கிராமம். அங்க மிசூரி பெட்வேன்னு ஒரு அம்மா, புருஷன் இறந்த பிறகு அவர் வயக்காட்டு வேலைக்குப் போட்ட துணிகளையே வெட்டி 1942-ல ஒரு போர்வை தைச்சாங்க, அவர் ஞாபகமாப் போத்திக்கிறதுக்காக. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல ஹூஸ்டன் அருங்காட்சியகத்துலயும் பிறகு நியூயார்க் விட்னியிலயும் சுவத்துல ஓவியம் மாதிரி தொங்கிச்சு, 2006-ல தபால்தலையாவும் வந்துச்சு. நான் தொண்டை கம்மச் சொல்லி முடிச்சேன். அத்தை கேட்ட ஒரே கேள்வி: "முட்டிக்கிட்ட நைஞ்சிருக்குமே, அத வெட்டி வீசுனாளா, உள்ள ஒட்டுப் போட்டாளா?"

இப்ப மேல்பாகம் முழுசா முடிஞ்சுது. அடிக்கு ஒரே சேலை போதும்: அஞ்சரை மீட்டர்ல தொண்ணூறு இஞ்ச் ரெண்டு தடவை வெட்டி பக்கத்துல பக்கத்துல சேத்தா தாராளமா வரும். நூலோட்டம் அத்தை போடுறாங்க. கண் பாத்துப் போடலை, இடது கை விரல் அடியில ஊசி குத்துறதை வச்சுப் போடுறாங்க. நூல் கோத்துக் குடுக்கறது என் வேலை. காலையில ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி பன்னெண்டு ஊசியில கோத்து மெத்தைக்கட்டையில குத்தி வச்சிட்டுப் போறேன். சாயங்காலம் வந்து பாத்தா பன்னெண்டும் வெறும் ஊசி.

மிச்ச ஆறு மூட்டையில ரெண்டை அத்தை வேணாம்னுட்டாங்க. யாருக்குன்னு தைச்சாங்களோ அந்தக் கல்யாணம் நடக்கலை. அது மிதியடி ஆகப்போகுது. ஒண்ணு பெங்களூர்ல இருக்கற தம்பிக்கு, இன்னும் பொண்ணு பாக்கவே இல்லை. "அவசரமில்ல, ஆனா அடுத்து அதுதேன்"ன்னு உத்தரவு. நேத்து ரங்கமணி கத்தரிக்கோலை எடுத்து பால் பாக்கெட் வெட்டிட்டு சமையல்கட்டுலயே வச்சிட்டார். அத்தை ஆணியைத் தடவிப் பாத்துட்டு ரூம்லேர்ந்து ஒரே ஒரு சத்தம் குடுத்தாங்க, "தம்பீ..."ன்னு. மனுஷன் ஐபிஎல் மேட்ச்ல கடைசி ஓவரை விட்டுட்டு எழுந்து ஓடினார்.