மீண்ட மகன், மீளாத மகள்



ஆள்மாறாட்டக் கதைகளுக்குத் திரையுலகில் என்றும் வரவேற்பு உண்டு. குடிசையில் வளர்ந்தவன் கடைசிக் காட்சியில் சீமான் மகனாவான், தாய் தழுவுவாள், கொட்டகை கைதட்டும். அத்தகைய கதையொன்றைத்தான் அகத்தீசுவரத்துத் தமிழர் ஜே.சி. டேனியல், 1920களின் இறுதியில், திருவனந்தபுரத்தில் ஊமைப் படமாக எடுத்தார். நிலத்தை விற்றுப் பணம் திரட்டினார், தாமே இயக்கினார், தாமே நாயகனாகவும் நடித்தார். மலையாள மண்ணின் முதற்படம் அது. பெயர் ‘விகதகுமாரன்’, அதாவது காணாமற்போன மகன்.

செல்வர் வீட்டுச் சிறுவனைத் தீயவன் ஒருவன் இலங்கைக்குக் கடத்துகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்கிறான் சிறுவன். ஆண்டுகள் பல கழிந்தபின், உடலிலிருந்த தழும்பு உண்மையை உரைக்கிறது. கூலி குலமகனாகிறான், குடும்பம் கூடிக் களிக்கிறது.

திரையிலே மறைந்திருந்த பிறப்பு வெளிப்பட்டது, மாலை விழுந்தது. திரைக்கு வெளியே ஒரு பெண்ணின் பிறப்பு வெளிப்பட்டது, கல் விழுந்தது!

அப்படத்தின் நாயகி பி.கே. ரோசி. புலையர் குலத்தில் பிறந்தவர். நாட்டுப்புற நாடகத்தில் தேர்ந்தவர். திரையிலே நாயர் குலப் பெண்ணாகத் தோன்றினார். கேபிடல் கொட்டகையில் கொதித்தெழுந்தது மேற்சாதி ஆணவம். நடித்தது கலை என்று அவர்கள் கருதவில்லை. குற்றம் என்று கருதினர். திரைமீது கல்லெறிந்தனர், அவர் குடிசைக்கும் தீ வைத்தனர் என்பர். ஓடினார் ரோசி. தமிழ் வழங்கும் நாகர்கோயிலிலே ‘ராஜம்மாள்’ என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார். படச்சுருளும் இன்று இல்லை. 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த ‘செல்லுலாயிட்’ படமே பலருக்கு அவரை அறிமுகம் செய்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1929 பிப்ரவரியில், எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில் கூடியது முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. சாதிப் பட்டங்களை விட்டொழிக்க அங்கே முடிவெடுத்தனர். பெயரின் வாலை வெட்டியவர்கள் மேடையிலே தலைநிமிர்ந்து நின்றார்கள். பெயரையே துறந்த ரோசியோ இருளிலே ஒளிந்து வாழ்ந்தார். இரண்டும் பெயரைத் துறப்பதுதான். ஆனால் முன்னது துணிவு, பின்னது அச்சம். மேலிருப்பவன் சாதியைத் துறந்தால் புகழ்கிறது உலகம். கீழே தள்ளப்பட்டவன் மறைத்தால் ‘ஏமாற்றுக்காரன்’ என்கிறது!

பழங்கதைதானே என்பீரோ? நான் ஆசிரியனாகப் பணிபுரியும் உத்திரமேரூர், குடவோலைக்குப் பெயர்பெற்ற ஊர். முதற் பராந்தகன் காலக் கல்வெட்டைக் காட்டி மக்களாட்சியின் தொட்டில் என்கிறோம். ஆனால் அக்கல்வெட்டு, நிலமும் சொந்த மனையும் மறையறிவும் உடையோரின் பெயரைத்தான் ஓலையில் எழுதச் சொல்கிறது. உழுதவன் பெயருக்கு அந்தக் குடத்தில் இடமில்லை.

இன்று எல்லார் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. எனினும் புதிய மாணவனிடம் உடன்பயில்வோர் முதலில் கேட்பது, “எந்தத் தெரு?” என்பதே. சிலர் உடனே சொல்கிறார்கள். சிலரோ, “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்று முணுமுணுத்துத் தலைகுனிகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொய்யைக் கற்பித்தது யார்? பாடநூலா? பெற்றோரா? அல்ல, அந்தக் கேள்வி!

ரோசியின் வாழ்வை வகுப்பிலே சொன்னேன். மாணவி ஒருத்தி எழுந்து, “சார், அந்த அம்மா பேரை மாத்திக்கிட்டது தப்பா?” என்றாள். “மாற்ற வைத்தவர்கள்மேல்தான் தப்பு அம்மா” என்றேன். அவள் அமர்ந்தாள், ஆனால் வகுப்பில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் தம் திரைப்படக் கழகத்துக்கு ரோசியின் பெயரைச் சூட்டினர். நன்று; பாராட்டுவோம். ஆனால் மறைந்தபின் சூட்டும் பெயரைவிட, வாழும்போது அஞ்சாமல் சொல்லும் பெயர் பெரிது. இளைஞர்களே, “எந்தத் தெரு?” என்ற கேள்வி உங்கள் நாவிலிருந்து முதலில் ஒழியட்டும். கேட்பவன் நாணட்டும், சொல்பவன் நிமிரட்டும்!