ஐந்தைக் கழித்துப் பத்தைக் கூட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, யீஷூனில் எங்கள் டிஎம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் தோழியின் பாத்திரத்தைச் சாகவிட்டேன். இரண்டு வருடமாக அவள் ஆடிவந்த கிளெரிக். பாட்டி தவறிய மாதத்தில்தான் அவள் எங்கள் குழுவில் சேர்ந்தாள், அந்தப் பாத்திரத்துக்குப் பாட்டியின் பெயரையே வைத்தாள்.

ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வாளை வீச இருபது முகப் பகடையை உருட்டுவோம். விழுந்த எண்ணோடு நம் திறமையைக் கூட்டி, எதிரியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி பட்டது. எவ்வளவு பட்டது என்பதை வேறு பகடைகள் சொல்லும். நாங்கள் ஆடுவது 2014 விதிப்புத்தகம். அதில் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்றொரு ஃபீட் உண்டு. பெரிய வாளால் ஓங்கி அடிக்கலாம். குறியில் 5 குறையும், பட்டால் சேதத்தில் 10 கூடும். (2024 புத்தகத்தில் இந்தப் பேரத்தையே தூக்கிவிட்டார்கள். அண்ணன் அதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.)

என் ஃபைட்டர் ஐந்தாம் லெவல். உருட்டலோடு 7 கூட்டுவேன், பட்டால் சராசரி 11. ஓகர் வந்தால் யோசிக்கவே வேண்டாம்: ஆர்மர் கிளாஸ் 11, உயிர் 59. சாதாரண வெட்டு 85 சதவீதம் படும், வீச்சுக்குச் சராசரி 9.35. ஓங்கி அடித்தால் 60 சதவீதம்தான், ஆனால் சராசரி 12.6. கவசம் கனக்கக் கனக்க இந்த லாபம் கரையும். 17இல் ஏறக்குறையச் சமம், 18இல் நஷ்டம். இதையெல்லாம் எக்ஸெலில் போட்டுக் குழுவுக்கே அனுப்பிவைத்த மேதாவி நான்தான்.

அன்று எதிரே நின்றது ஹாப்காப்ளின். ஆர்மர் கிளாஸ் 18, முழு உயிரே 11தான். அதிலும் ஏற்கெனவே அடி வாங்கியவன். "தள்ளாடுறான்பா" என்று அண்ணன் தெளிவாகவே சொன்னார். அவன் காலடியில் கிளெரிக் மயங்கிக் கிடக்கிறாள், ஒரு டெத் சேவ் தவறியாயிற்று. எனக்கு இரண்டு வீச்சு. சாதாரணமாக வெட்டினால் ஒன்றாவது படும் வாய்ப்பு 75 சதவீதம். ஓங்கி அடித்தால் 44. என் வாள் சும்மா பட்டாலே குறைந்தது 6 போகும். தள்ளாடுகிறவனுக்கு அது போதும். போதாவிட்டாலும் இன்னொரு வீச்சு இருக்கிறது.

"ஓங்கி அடிக்கிறேன்" என்றேன்.

முந்தின வாரம் ஓகருக்கு ஒரே வீச்சில் 24 அடித்தபோது மேசையே கத்தியது. தோழி எழுந்து நின்று கைதட்டினாள். 6 அடித்து ஒருவனைச் சாய்த்தால் யாரும் கைதட்டுவதில்லை, "ஓகே, அடுத்து யாரு?" என்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் மறுபடி வேண்டியிருந்தது. அவள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள், நான் கைதட்டலுக்கு அடிபோட்டேன்.

12 விழுந்தது. ஓங்கி அடித்ததால் கூட்ட 2தான், 14, தவறியது. சாதாரண வெட்டென்றால் 19. இரண்டாவது 3, அது எப்படியும் போயிருக்கும். ஹாப்காப்ளின் கிடந்தவளைக் குத்தினான். மயங்கிக் கிடப்பவரைப் பக்கத்தில் நின்று குத்தினால் கிரிட்டிகல், இரண்டு டெத் சேவ் தவறியதற்குச் சமம். ஒன்றும் இரண்டும் மூன்று. செத்தவரை எழுப்பும் மந்திரம் எங்கள் குழுவில் ஒருத்திக்குத்தான் தெரியும். செத்தது அவள்.

"எவ்வளவுண்ணே மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்டாள் தோழி.

"அஞ்சு."

பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். என்னைப் பார்க்காமலே, "உன் எக்ஸெல்ல மிச்ச உயிருக்கு ஒரு காலம் இருந்துச்சா?" என்றாள். இல்லை. 5 மிச்சமிருப்பவனை 21 அடித்தாலும் ஒரு தடவைதான் சாவான், மீதி 16 காற்றோடு போகும். என் சராசரியில் அந்த 16உம் லாபக் கணக்கில்தான் இருந்தது.

எம்ஆர்டியில் உட்கார்ந்து அவளுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன். சதவீதம், பாட்டி, நட்பு எல்லாம் இருந்தது. அழித்துவிட்டு, "தெரிஞ்சுதான் அடிச்சேன். சாரி" என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புதுப் பாத்திரத்தோடு வந்தாள். வில்லாளி. ஷார்ப்ஷூட்டர் ஃபீட், அதே பேரம், 5 கழித்து 10 கூட்டலாம். முதல் சண்டையில் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே, "எந்த அளவுக்கு அடி வாங்கியிருக்காண்ணே?" என்றாள்.

"பாதி போயிருக்கும்."

என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. கழிக்கவா, வேணாமா?"