செவிவழி வணிகம்

பொருளை விற்க விழையும் வணிகனுக்குக் கேட்போரின் காது கிடைத்தல் எளிது. அவர்தம் நம்பிக்கை கிடைத்தலே அரிது. பொட்காஸ்ட் எனப்படும் வலையொலியை இன்று வணிக உலகம் நாடிநிற்பதன் காரணத்தை இவ்வுண்மையின் வழியே நோக்குதல் தகும்.

குரலுக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. 1922 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, நியூ யோர்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். வானொலி நிலையம், அடுக்குமாடி வீடுகளை விற்ற நிறுவனமொன்றுக்குக் கட்டணம் பெற்றுத் தன் நேரத்தை வழங்கியது. அவ்வுரை நகர நெரிசலுக்கு அப்பாலுள்ள வாழ்வின் இனிமையை விரித்துப் பேசிற்று. 1950 இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையோ இக்கலையை மேலும் வளர்த்தது. 1952 முதல் கொழும்பிலிருந்து ஒலித்த ‘பினாக்கா கீத்மாலா’, அமீன் சயானியின் குரலில் ஹிந்தித் திரைப்பாடல்களை வழங்கிற்று. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். பாடலை நாடி வந்த நேயர்களின் நாவிலே அப்பெயர் தானாகவே குடியேறிற்று.

2004 இல் ‘கார்டியன்’ இதழில் பென் ஹமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றிலே ‘பொட்காஸ்டிங்’ என்னும் சொல் முதன்முதலாக இடம்பெற்றது. வானொலி எல்லோருக்குமாக ஒலிப்பது. வலையொலியோ கேட்பவர் தாமே தெரிந்தெடுப்பது. பேருந்துப் பயணத்திலும் சமையலறையிலும் செவிக்கருகே பேசும் அக்குரல் நாளடைவில் நண்பனின் குரலாகிவிடுகின்றது. எனவேதான் நிகழ்ச்சியாளரே தம் வாயால் விளம்பரத்தைக் கூறவேண்டுமென வணிகர் விரும்புகின்றனர். நிகழ்ச்சிதோறும் தனித்தனிக் கழிவுக் குறியீடுகளை வழங்கி, எக்குரல் எத்துணைப் பேரை வாங்கச் செய்தது என்பதையும் அவர்கள் கணக்கிடுகின்றனர்.

தாமே நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனங்களும் உள. 2015 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ‘த மெசேஜ்’ என்னும் அறிவியற் புனைகதையை எட்டுப் பகுதிகளாக வெளியிட்டது. அதனை மக்கள் விரும்பிக் கேட்டமைக்குக் காரணம் கதையே, நிறுவனத்தின் தற்புகழ்ச்சியன்று. பெருமுதல் இல்லாத சிறு வணிகருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தேயிலை விற்பவரொருவர் பி.ஓ.பி.க்கும் டஸ்ற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும், கொதிநீரின் பதத்தையும், தூளைக் காற்றுப்புகாது பேணும் முறையையும் வாரந்தோறும் பத்து நிமிடம் எடுத்துரைப்பாராயின், ‘என் தேயிலையே சிறந்தது’ என்று அவர் முழங்க வேண்டுவதில்லை. கற்றுக்கொடுத்தவரின் கடையைக் கேட்டவர் தாமே தேடிவருவர்.

ஆயின், இங்கே ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. தாம் ஒருநாளும் பயன்படுத்தாத பொருளை ‘நானும் இதனையே பயன்படுத்துகின்றேன்’ எனக் கூலிக்காகக் கூறும் நிகழ்ச்சியாளர் விற்பது அப்பொருளையன்று; தம்மை நண்பராக எண்ணியவரின் நம்பிக்கையையே விற்கின்றார். அச்சிட்ட விளம்பரம் பொய்த்தால் கேடு வணிகனைச் சாரும். நெருங்கிய குரல் பொய்த்தாலோ, அதன்பின் அக்குரல் உரைக்கும் மெய்யும் ஐயத்துக்குரியதாகின்றது.

பணம் பெற்றுப் பேசுதல் இழுக்கன்று. பெற்றதை மறைத்துப் பேசுதலே இழுக்காகும். இதனை ஒளிவின்றிக் கூறித் தாம் அறிந்த நற்பொருளை மட்டும் பரிந்துரைப்பவரின் குரல், கேட்போர்க்கும் வணிகர்க்கும் ஒருங்கே பயன்தரும். வலையொலி வணிகத்தின் முதல் அந்த நேர்மையே. அம்முதல் கரைந்தபின் எஞ்சுவது வெறும் ஓசையே.