பின்னால் நிற்கும் குரல்கள்

1966 மார்ச்சில் கிராமி விருதுகள் வழங்கப்பட்டபோது சிறந்த குரல் குழுவுக்கான பரிசு பீட்டில்ஸுக்குப் போகவில்லை. 'ஹெல்ப்!' போட்டியில் இருந்தும் பரிசைத் தட்டிக்கொண்டு போனது அனிதா கெர் சிங்கர்ஸ். அவர்களுடைய 'வீ டிக் மான்சினி' இசைத்தட்டில் எல்லாமே சினிமா இசையமைப்பாளர் ஹென்றி மான்சினியின் மெட்டுகள். சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. கிராமியின் தவறுகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இன்றும் இதை விடுவதில்லை.

அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பீட்டில்ஸ் இசையின் போக்கையே மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் அந்தக் கோபத்தோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டது: தானே எழுதிப் பாடுகிறவன்தான் கலைஞன், பிறர் பாட்டை இழைத்துப் பாடுகிறவர்கள் லிஃப்டிலும் ஹோட்டல் வரவேற்பறையிலும் ஒலிக்க வேண்டியவர்கள்.

1927இல் மெம்ஃபிஸில் பிறந்த அனிதா கெர், நாஷ்வில்லில் செய்துகொண்டிருந்த வேலை வேறு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்து, இரு பெண்கள், இரு ஆண்கள் என்று நான்கு குரல்களுக்குப் பிரித்து எழுதுவார். நான்கும் நான்கு வழியில் போக வேண்டும். கேட்பவனுக்கு ஒரே குரலாகப் படவேண்டும். ஒருவர் சற்று முந்தினாலும் காரியம் கெட்டது. நல்ல மொழிபெயர்ப்பைப் போலத்தான். உழைப்பு தெரிந்துவிட்டால் தோல்வி, தெரியாவிட்டால் பெயர் இல்லை.

பெயர் தெரியாமலே இவர்களைக் கேட்டவர்கள் இந்தியாவிலும் ஏராளம். சென்னையிலும் கோட்டயத்திலும் ஷில்லாங்கிலும் ஜிம் ரீவ்ஸ் ஒலித்த வீடுகள் எத்தனை! 1959இல் பதிவான அவருடைய 'ஹி வில் ஹாவ் டு கோ' பாட்டில், அந்தக் கனத்த குரலுக்குப் பின்னால் மெல்லிய திரைபோல அசைவது இந்த நால்வர்தான். ராய் ஆர்பிசனின் 'ஒன்லி தி லோன்லி'யிலும் இருக்கிறார்கள். ரசிகர்களுக்கு ரீவ்ஸைத் தெரியும், ஆர்பிசனைத் தெரியும். பின்னால் நின்றவர்களைத் தெரியாது.

'எ மேன் அண்ட் எ உமன்' பாட்டுக்காக 1967இல் அதே பரிசு மீண்டும் அனிதா கெர் குழுவுக்கே கிடைத்தது. அதற்கு யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கெர் 2022 அக்டோபரில் தமது 94ஆவது வயதில் ஜெனீவாவில் காலமானார்.

ஜிம் ரீவ்ஸின் பழைய கேசட் வீட்டில் இருந்தால் ஒருமுறை அவரை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்களை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். அவர்களைக் கழித்துவிட்டால் பாட்டு எவ்வளவு தனிமைப்பட்டுப்போகும் என்பது அப்போது தெரியும்.