பட்டா யார் பெயரில்?

கிராமத்து இளைஞர்களுக்கான விவசாயப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னால் ஒரு பேனர், ஆளுக்கொரு ஃபைலும் பேனாவும், பதினொரு மணிக்கு டீ, சாயங்காலம் சான்றிதழோடு குரூப் போட்டோ. சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் காளான், தேனீ, கோழி, மண்புழு உரம். 35 வயதுக்குட்பட்டவர்களை விவசாயத்தில் நிறுத்திவைக்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015–16இல் கொண்டுவந்த ‘ஆர்யா’ திட்டத்திலும் இவைதான் முன்னால் நிற்கின்றன. நல்ல தொழில்கள்தான். ஆனால் எதற்கும் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பையன் கையில் நிலம் இல்லை என்பது திட்டம் போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தெரிந்தும், “இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை” என்றுதான் ஒவ்வொரு மேடையிலும் பேச்சு தொடங்குகிறது.

காவிரி டெல்டாவில் ஒரு வீட்டின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். நாற்று விடுவதிலிருந்து அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைப்பது வரை பார்ப்பவன் இருபத்தைந்து வயதுப் பையன். சிட்டாவில் இருப்பதோ அப்பா பெயர்; பல வீடுகளில் இறந்துபோன தாத்தா பெயர், அதுவும் கூட்டுப்பட்டாவில். அதைப் பிரிக்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பங்காளிகள் சம்மதம், சர்வேயர் வந்து உட்பிரிவு என்று வரிசை நீளும். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானுக்கு 2019 பிப்ரவரி 1 அன்றே நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும்; பிறகு வாரிசாக வந்தவர்களுக்கு மட்டுமே விலக்கு. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதற்குக் கேட்கும் சிறு, குறு விவசாயி சான்றுக்கும் நிலம் பெயரில் வேண்டும். ஆக, சர்க்கார் கணக்கில் இந்தப் பையன் விவசாயியே இல்லை. பெண்ணின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமாகிவிட்டது. அவள் பெயர் ஏறிய பட்டாக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெயரில் எழுதிக் கொடுத்தால் விற்றுத் தின்றுவிடுவான் என்று அப்பாக்கள் பயப்படுகிறார்கள். அப்படி விற்ற வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் சொத்தை எழுதித் தர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வயல், ஒரு போகம். எந்த ரகம், எப்போது விதைப்பு, யாரிடம் விற்பது என்ற முடிவும் வரவு செலவும் அவனுடையதாக இருக்கட்டும். நஷ்டம் வந்தால் அதுவும் அவனுடைய பாடம்.

விவசாயமே கட்டுப்படியாகாதபோது பட்டா என்ன செய்யும் என்பது இன்னும் கனமான கேள்வி. 2015–16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. குறுவை அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதைப் பட்டா மாற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் உரிமை இல்லாதவன் ரகத்தையோ பட்டத்தையோ மாற்றிக்கூடப் பார்க்க முடியாது. அவனுக்கு மீதியிருப்பது திருப்பூர் பஸ்தான்.

நிலமே இல்லாத தெரு என்று ஒன்றும் ஊரில் உண்டு. அங்கே குத்தகை வாய்ப்பேச்சோடு சரி. குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உடையவர் விடுவதில்லை. இப்படிப்பட்ட பயிற்சி வேலையைச் சொந்த ஊரிலேயே செய்பவருக்கு இங்கேதான் சோதனை. எந்த வயல் யாருடையது, யார் உழுகிறார் என்பது வெளியூர் அதிகாரியைவிட அவருக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து “பெரியப்பா, மேலவயலை இந்த வருஷம் தம்பியே பார்க்கட்டுமே” என்று சொல்ல அவரால் முடியும். அதே பெரியப்பாவிடம் குத்தகைக்காரருக்காகப் பேச நா எழாது. உறவும் சாதியும் தடுக்கும். அந்த இடத்தில் வெளியாளே மேல்.

அடுத்த பயிற்சிக்குப் பெயர் எழுதும்போது வயது, படிப்பு, செல் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: நீ உழும் வயலின் பட்டா யார் பெயரில்? அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருந்தால் அவரையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள்.