இல்லம் அறிந்த மருத்துவம்

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். அருகிருந்து மருந்தூட்டுவோரையும் அதன் ஓர் உறுப்பாக அவர் கொண்டமை எண்ணத்தக்கது. அவ்விடத்தில் நிற்பவர் பெரும்பாலும் தாயோ, மனைவியோ, மகளோ ஆவர். எனவே, நோயாளியின் இல்லத்தை அறியாதவர் மருத்துவத்தின் ஒரு கூற்றை அறியாதவரே.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தோற்றமே இதற்குச் சான்று. ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாய்த் தம் பெற்றோருடன் தமிழகத்தில் தங்கியிருந்த காலம் அது. ஓரிரவில், மகப்பேற்றுத் துன்பத்தில் கிடந்த தம் மனைவியரைக் காக்குமாறு மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து அவரை வேண்டினர். தாம் மருத்துவம் பயிலாதவர் என்றும், மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறும் அவர் கூறினார். அயல் ஆடவர் தம் மனையுள் புகுதலை ஒவ்வாது மூவரும் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். தீர்ப்பவர் இருந்தார், மருந்தும் இருந்தது, அவ்வீட்டு வாயிலைக் கடக்கத்தக்கவர் ஒருவரும் இலர்.

பின்னர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று மீண்ட அம்மையார், 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். வாரந்தோறும் சாலையோர மரநிழல்களில் வண்டியை நிறுத்தி ஊராரின் நோய் பார்க்கச் சென்றபோது, மாணவியரையும் உடனழைத்துச் சென்றார். கட்டடத்துள் காணவியலாத பலவற்றை அவர்கள் அங்கே கண்டனர்.

பயிற்சி மருத்துவமனையில் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். பீடி சுற்றும் பெண்ணொருத்தி நாட்பட்ட இருமலோடு வருகிறாள் என்க. பேராசிரியர் படுக்கையருகே நிற்கிறார், மாணவர் சூழ்ந்துள்ளனர். பலர் முறைமுறையாய்த் தன் நெஞ்சொலியைக் கேட்பது எவர்க்கும் நாணந் தருவதே. ஆதலின் நல்லாசிரியர் முதலில் அவளிடம் ஒப்புதல் கேட்பார். திரையை இழுத்து மறைப்பார். பிறகே பாடத்தைத் தொடங்குவார். அவர் வாய் திறவாமல் கற்பிக்கும் பாடம் அது.

சளி ஆய்வில் காசநோய் என்று தெளிகிறது. ஆறு திங்கள் விடாது மருந்துண்ண வேண்டும். நூலளவில் பாடம் இங்கே முடிந்தது. குடும்ப மருத்துவம் பயில்பவர்க்கோ இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் திங்களில் இருமல் தணிந்ததும் அவள் மருந்தை நிறுத்திவிடக் கூடும். மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இழந்த நாள் அன்றோ? அவள் வீட்டில் உறங்கும் குழந்தைகளையும் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். மருந்துண்டாளா என்று நாடோறும் கேட்பவர் மாமியாரா, மகளா என்பதும் தெரிதல் வேண்டும். இவற்றை எக்ஸ்ரேப் படம் காட்டாது.

இத்துறையில் மேற்பட்டம் பயில்வோர் மூன்றாண்டுகள் குழந்தை நலம், மகப்பேறு, பொது மருத்துவம், அறுவை மருத்துவம் எனப் பல பிரிவுகளிலும் சுற்றி வருகின்றனர். ஒரே மருத்துவர் பாட்டியின் மூட்டுவலியையும் பேரனின் காய்ச்சலையும் பார்க்க வேண்டியிருத்தலே காரணம். எல்லாம் தாமே செய்வதன்று அவர் தொழில். எதனை, எப்பொழுது, எவரிடம் அனுப்புவது என்று தெரிதலே கடினமான பகுதி. காலந் தாழ்த்தால் உயிருக்கு இடர். காரணமின்றி அனுப்பினால் குடும்பத்துக்குக் கடன்.

நகரத்து எளிய மக்களுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் செய்ய, இக்கல்லூரி 1982இல் தனிப் பிரிவொன்றைத் தொடங்கியது. தேவையற்ற ஆய்வை விலக்கும் துணிவை மாணவர் அங்கே கற்கின்றனர். 2022 முதல் நாடெங்கும் மருத்துவ மாணவர் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கண்டுவரும் முறையும் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தத்தெடுத்தல் என்னும் பெயர் சற்றுப் பெரிது. அறிவு பெறுபவர் மாணவராதலின், அக்குடும்பங்களே அவரைத் தத்தெடுத்தன என்பது பொருந்தும்.

வேலூரில் பட்டம் பெறுவோருள் பலர், தொலைவிலுள்ள சிறு மருத்துவமனைகளில் ஈராண்டு பணிபுரியச் செல்கின்றனர். ஐயம் கேட்க அங்கே பேராசிரியர் இரார். விடியுமுன் மாட்டுக்கொட்டகை மணத்தோடும் ஈரத் துணிப்பொதியோடும் ஒரு குடும்பம் வாயிலில் வந்து நிற்கும். யாருக்கு நோய் என்று முதலில் கேட்டறிய வேண்டியிருக்கும்.